கல்லுக்குப் போட்ட எண்கள்

எங்கள் அம்மன் கோயிலைத் திரும்பக் கட்ட முடியாமல் போனது ஏன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் மழையைத்தான் சொல்வார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மழைமேல் ஒரு குற்றமும் இல்லை. கோயிலில் பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லி வளர்த்தவன் கோயிலைப் பற்றியே ஒரு பொய்யைச் சுமந்துகொண்டு திரிந்தேன். நான் எட்டாவது வரை படித்தவன். மலைமேல் மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிறவன். எழுத்து நடை தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் மகள் ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். ஒரே ஒரு பெட்டி. ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி, சாரல் அடிக்காமலிருக்க ஜன்னலுக்குச் சாக்கைத் தைத்து மாட்டி, அதை உள்ளே வைத்தார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அதன் நெற்றியில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது.

சமூக அறிவியல் வாத்தியார் சேலத்துக்காரர், சின்ன வயசு. செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கி பஸ்ஸில் வந்து போவார். அவர் சேலத்திலிருந்து ஒரு விளையாட்டு சி.டி. வாங்கி வந்தார். பழைய காலத்துக் கட்டடங்களைக் கல் கல்லாக வைத்துக் கட்டுகிற விளையாட்டு. எகிப்து பிரமிடு ஒன்று, எந்த ஊர்ப் பாலமோ ஒன்று, நம் பக்கத்துக் கற்கோயில் ஒன்று. இங்கிலீஷில் வருவதை அவர் தமிழில் சொல்வார், பிள்ளைகள் கட்டும். புஸ்தகத்தில் இரண்டு பக்கம் வந்தால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், கரண்டு போனால் வாத்தியாரோடு சேர்ந்து உச்சுக்கொட்ட ஆரம்பித்தார்கள்.

என் மகளுக்கு அந்தக் கோயில்தான். வீட்டில் ராகிக் களியைத் தட்டில் கல் கல்லாக வெட்டி அடுக்குவாள். "இது அடியில வர்ற அதிட்டானம், இது சுவரு, இது கூரைக்கு முந்துன வரி" என்பாள்.

"திங்கிறயா கட்டறயாடி? களி ஆறிப்போச்சுன்னா உங்கொப்பனுக்குத்தான் போடுவேன்" என்பாள் என் மனைவி.

"வெச்ச கல்லையே அப்பா எடுத்துத் திம்பாருங்கம்மா, எங்கோயில் கெட்டுப்போவும்."

இப்படி எங்கள் ஊட்டில் சிரிப்பு இருந்த காலம் அது.

ஒருநாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குடை எடுத்துக்கொண்டு அவளைக் கூட்டிவரப் போனேன். வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டார்.

"உள்ள வாங்க, உங்க பொண்ணு கோயில் கட்டறா, பாத்துட்டுப் போங்க."

பத்துப் பதினைந்து பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றன. நடுவில் இவள். பலகைபோல் இருந்த திரையில் ஒரு குழி. குழியில் மணல் கொட்டினாள். மேலே அகலமான கல். அதன்மேல் உருண்டையான கல். பிறகு சுவர். கல்லும் கல்லும் சுண்ணாம்பு இல்லாமல், ஒன்றின் காது இன்னொன்றின் குழிக்குள் உட்காருகிற மாதிரி. தப்பான கல்லை வைத்தால் பொலபொலவென்று சரிந்துவிடும்.

"அந்தக் கல்ல அங்க வெக்காத புள்ள, உழுந்துரும்."

"நீ பேசாம இருடா. போன வாரம் உங்கோயில் மூணு தடவ உழுந்துச்சு."

"அது கரண்டு போயி உழுந்துச்சு!"

வாத்தியாரே சிரித்துவிட்டார். அவள் கட்டி முடித்ததும் பெட்டிக்குள் மணி அடித்தது. என்னை அறியாமல் கும்பிட்டேன். பிறகு திரையில் ஒரு சின்ன உருவம் வந்தது. அவள் அதை நடத்திக்கொண்டு மண்டபம் தாண்டி, நேரே கருவறைக்குள் போனாள்.

"உள்ள போகாத கண்ணு!" என்று கத்திவிட்டேன்.

பிள்ளைகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தன. அவள் மெதுவாக, "உள்ள இன்னும் சாமியே வெக்கலீங்கப்பா" என்றாள்.

"வெக்காட்டியும் அது சாமி நிக்கிற எடந்தான?"

"அப்ப வாசப்படியிலயே நிக்கட்டுங்களா?" என்று கேட்டு, அந்த உருவத்தைப் பின்னால் நகர்த்தி வாசற்படிக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினாள். யார் முன்னாலும் என் பேச்சை அவள் தட்டியதில்லை. அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது.

அந்த விளையாட்டில் இரண்டாவது பாகம் ஒன்று உண்டு. பழுதான கோயிலைப் பிரித்து, அதே கல்லை வைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். பிள்ளைகள் எல்லாம் ஆசையாகக் கல்லைப் பிடுங்கிவிடுவார்களாம். பிறகு பார்த்தால் குவியல்தான். எந்தக் கல் எங்கே இருந்தது என்று தெரியாது. ஒவ்வொரு கல்லையும் எடுப்பதற்கு முன்னால் அதன்மேல் எண் போட்டுக்கொண்டால்தான் கட்ட முடியும். இவள் இரண்டு தரம் தோற்று மூன்றாம் தரம்தான் கட்டினாளாம். வழியெல்லாம் குடைக்குள் இதையே பேசிக்கொண்டு வந்தாள். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

இனி எங்கள் கோயில். எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது; வளப்பூர் நாட்டில் எங்கள் ஊரை ஒட்டிய மேட்டில் அது இருந்தது. சின்னக் கோயில். அம்மன் இருக்கும் கருவறை, முன்னால் நான்கு தூண் மண்டபம், அவ்வளவுதான். எல்லாம் கல். யார் கட்டியது என்று ஒருவருக்கும் தெரியாது. விளக்குப் போடுகிற முறை எங்கள் ஊட்டுக்கு. என் அப்பன் போட்டார், அவருக்குப் பின் நான். தலைமுறை தலைமுறையாக வருவது. அதைப் போல ஒரு மரியாதை எங்களுக்கு வேறெதிலும் இல்லை. அந்த முறைக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது என்பதுதான் என் வாழ்க்கையிலேயே பெரிய பயம். இதைச் சொல்லியாக வேண்டும். பின்னால் நடந்ததெல்லாம் இந்தப் பயத்தால்தான்.

கருவறைக் கூரைமேல் ஓர் அத்திக் கன்று முளைத்து, வேர்விட்டு, கல்லைப் பிளந்துவிட்டது. மழைக்காலத்தில் அம்மன் தலையில் சொட்டும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். கடைசியில் பிரித்துக் கட்டுவது என்று ஊர் கூடி முடிவு பண்ணியது. அம்மனிடம் பூ வைத்துக் கேட்டோம். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று பொட்டலம் கட்டிப் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தது. உத்தரவு ஆயிற்று. அடிவாரத்திலிருந்து ஒரு மேஸ்திரியை வரவழைத்தோம்.

வாத்தியார் அதற்கு முன்பே பிள்ளைகளை அந்தக் கோயிலுக்கு இரண்டு மூன்று தரம் கூட்டி வந்திருந்தார். விளையாட்டில் பார்த்ததை இங்கே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். உருண்டைக் கல் வரி எது, யாளி வரி எது, எந்தக் கல் எந்தக் கல்லைத் தாங்குகிறது. வருஷக்கணக்காக விளக்குப் போட்ட நான், மண்டபத்தின் தூண்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரிக் கல் என்பதை என் மகள் காட்டித்தான் பார்த்தேன்.

கோயிலைப் பிரிக்கப் போகிறார்கள் என்றதும் அவள் என்னைவிட்டு நகரவில்லை.

"அப்பா, நம்பர் போடாம எடுக்கக் கூடாதுங்கப்பா. மேஸ்திரிகிட்டச் சொல்லுங்க."

"அவுருக்குத் தெரியாதா கண்ணு?"

"வெளையாட்டுல எல்லாரும் தெரியும்னு சொல்லித்தானுங்கப்பா பிரிச்சாங்க."

வாத்தியாரும் ஊரில் வந்து கேட்டார். பெயிண்ட் போடலாம் என்றார். அம்மன் கல்லில் பெயிண்டா என்று பூசாரி மறித்தார். அப்போது இவள்தான் வழி சொன்னாள்: "கோயில் செவுத்துல காவிப் பட்டை அடிக்கிறமில்லீங்க, அந்தக் காவியில எழுதிக்கலாங்களா?" பூசாரியால் மறுக்க முடியவில்லை.

பிரிக்க நாள் குறித்தது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை வாத்தியாரும் பிள்ளைகளும் வந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுதினார்கள். எந்தத் திசைச் சுவர், கீழிருந்து எத்தனையாவது வரிசை, வரிசையில் எத்தனையாவது கல் என்று ஒவ்வொன்றுக்கும் எண். அதே எண்ணை என் மகள் ஒரு நோட்டில் படம் போட்டு எழுதிக்கொண்டாள். இருநூற்றுப் பதினான்கு கற்கள். மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

"பொட்டிக்குள்ள கோயில் கட்டுன மேஸ்திரியம்மா வந்தாச்சு. இனி எனக்கு என்னுங்க வேல? சித்தாளு வேல போட்டுக் குடுப்பீங்களா, பாப்பா?"

"சித்தாளுன்னா பீடி குடிக்கக் கூடாதுங்க" என்றாள் இவள், எழுதுவதை நிறுத்தாமல். மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்துப் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என் மனைவி வந்து சொன்னாள், மகள் பெரியவளாகிவிட்டாள் என்று. சந்தோஷம்தான். அவளுடைய தாய்மாமனுக்கு ஆள் அனுப்பினோம். மத்தியானத்துக்குள் அவர் வந்து வீட்டுக்குப் பின்னால் பச்சைத் தழையில் குடிசை கட்டினார். அதில் பதினாறு நாள் அவள் தனியாக இருக்க வேண்டும். அவள் தட்டு, அவள் பாய், அவள் தொட்ட சாமான் எதுவும் வெளியே வரக் கூடாது. கடைசி நாள் குடிசையோடு கொளுத்திவிடுவது வழக்கம். பள்ளிக்கூடப் பையும் நோட்டும் அவளோடு உள்ளே போயின.

சாயங்காலம் பூசாரி வந்தார். திண்டாட்டமான முகம்.

"நேத்தெல்லாம் பொண்ணு கோயில்லதான இருந்துச்சு. எப்ப ஆச்சோ என்னமோ. ஒவ்வொரு கல்லயும் தொட்டு எழுதியிருக்குதுங்க."

"காத்தாலதான் ஆச்சுன்னா எஞ்சம்சாரம்."

"ஆமாங்க. ஆனா ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. பூ வெச்சுக் கேட்டுப்போடலாங்களா?"

இந்த இடத்தில்தான் நான் தப்புப் பண்ணினேன். பூ கேட்டிருக்கலாம். வெள்ளை வந்திருந்தால் எண்கள் இருந்திருக்கும். சிவப்பு வந்திருந்தால் வேலை தள்ளிப்போயிருக்கும். ஆனால் சிவப்பு வந்தால் ஊர் முன்னால் என் ஊட்டு மேல் குறை விழும். விளக்கு முறைக்காரன் மகளால் கோயில் வேலை நின்றது என்று ஆகிவிடும். அதைத்தான் நினைத்தேன். அம்மனை நினைக்கவில்லை.

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? கழுவிப்போட்டாச் சரியாப்போவுது. நானே கழுவறேன்" என்றேன்.

உள்ளே இருந்த என் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள். பூசாரி முன்னால் அவள் பேசியதே இல்லை.

"அம்மனும் பொம்பளதானுங்களே" என்றாள்.

"நீ உள்ள போ" என்றேன்.

மஞ்சள் நீரும் கோமியமும் கலந்து குடம் குடமாக ஊற்றினேன். வேப்பங்கொத்தால் தேய்த்தேன். காவி சீக்கிரம் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. அழுத்தி எழுதியிருந்தாள். தேங்காய் நார் வாங்கி வரச் சொல்லித் தேய்த்தேன். மண்டபத்தில் ஆரம்பித்து, சுவரெல்லாம் முடித்து, கருவறை நிலைக்கல் வந்தது. அதற்கு மட்டும் எண்ணை வெளியே எழுதாமல், கண்ணில் படாமல் ஓரமாகச் சின்னதாக எழுதியிருந்தாள். அம்மன் வாசலில் பெரிதாக எழுதக் கூடாது என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. அதையும் தேய்த்தேன். தாயே, உனக்காகத்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேய்த்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குள் முதல் கல்லை எடுக்க வேண்டும், அதற்குமேல் நல்ல நேரம் இல்லை. அம்மனின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, தழைப் பந்தலில் கொண்டுபோய் வைத்தாகிவிட்டது. மேஸ்திரி ஆட்களோடு வந்தார். கோயிலைச் சுற்றி வந்தவர் நின்றுவிட்டார்.

"நம்பரெல்லாம் எங்கீங்க?"

"சுத்தம் பண்ணிப்போட்டோம்" என்றேன்.

"அதப் பாத்துத்தானுங்க நான் வேற குறி வெக்கல." குரல் இறங்கிவிட்டது. "பாப்பாகிட்ட நோட்டு இருக்குதே, ஆள் உட்டு அத வாங்கிட்டு வரச் சொல்லுங்க. மறுபடியும் எழுதிப்போடலாம்."

நோட்டு குடிசைக்குள் இருக்கிறது, அங்கே போன பொருள் கோயிலுக்கு வரக் கூடாது என்று பூசாரி சொன்னார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். புதிதாகக் குறி வைக்கலாம் என்றால் அரை நாள் ஆகும். நல்ல நேரம் போய்விடும். கூடியிருந்தவர்கள் மணி என்ன, மணி என்ன என்று கேட்க ஆரம்பித்தார்கள். மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"போவுது உடுங்க. எங்கண்ணுல இருக்குது எந்தக் கல்லு எங்கேன்னு."

என் மகள் சொன்னது காதில் கேட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. கடப்பாரையை வைத்து நெம்பினார்கள்.

நான்கு நாளில் கோயில் தரையோடு வந்துவிட்டது. ஐந்தாம் நாள் மழை பிடித்தது, ஒரு வாரம் விடவில்லை. அந்த மழையில் ஒருநாள் குடிசைப் பக்கம் போனேன். தழைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"அப்பா, நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சுங்களா?"

தழையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தேன்.

"மழ பேயுதில்ல சாமி" என்றேன்.

பொய்யென்று சொல்ல அதில் ஒரு வார்த்தை இல்லை. மழை பெய்துகொண்டுதான் இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

மழை விட்டதும் மேஸ்திரி திரும்பக் கட்ட ஆரம்பித்தார். கீழே இரண்டு வரிசை ஒழுங்காக வந்தது. மூன்றாம் வரிசையில் கல் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. மேட்டின் மூன்று பக்கமும் உருட்டி அடுக்கியதில் கிழக்குக் கல்லும் வடக்குக் கல்லும் கலந்து கிடந்தன. ஆட்கள் காதைச் செதுக்கிவிட்டு உட்கார வைக்கப் பார்த்தார்கள். இரண்டு கல் உடைந்தது. மேஸ்திரி உளியை வாங்கிக் கீழே போட்டார். "இனிக் கை வெச்சா எல்லாக் கல்லும் போயிரும்" என்றார்.

பதினாறாம் நாள் குடிசையைக் கொளுத்தினோம். நோட்டும் அதோடு போயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். என் மனைவி அதைச் சேலைக்குள் மறைத்து எடுத்து வந்திருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை மகள் அந்த நோட்டோடு கோயில் மேட்டில் போய் நின்றாள். வாத்தியாரும் வந்தார். அவர் குவியலைப் பார்த்தார். கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் கல் கல்லாகச் சாணால் அளந்தாள். காது இருக்கிற பக்கம், குழி இருக்கிற பக்கம், பாசி பிடித்த பக்கம் என்று நோட்டுப் படத்தோடு ஒப்பிட்டாள். நான் கல்லைப் புரட்டிக் கொடுத்தேன். நான்கு சனிக்கிழமை இப்படிப் போயிற்று. முப்பத்தொரு கல்லுக்கு இடம் தெரிந்தது. படத்தில் அளவு போடாமல் விட்டுவிட்டோமே என்று வாத்தியாரிடம் அழுதாள். "எண்ணு இருக்கும்னுதான சார் அளவு போடல. வெளையாட்டுல எண்ணு அழியாதுங்க சார்" என்றாள். நான் கல்லுக்கு அந்தப் பக்கம் குனிந்தபடியே நின்றேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அம்மன் எத்தனை நாள் தழைப் பந்தலில் இருப்பாள்? ஊர் கூடியது. கான்கிரீட்டில் கட்டுவது என்று முடிவாயிற்று. முப்பத்தொன்றோ முன்னூறோ, சின்னப் பிள்ளை பேச்சைக் கேட்டு இன்னும் எத்தனை மாசம் என்றார்கள். நானும் கையைத் தூக்கினேன். கோயில் நாலே மாசத்தில் எழும்பிவிட்டது. ரோஸ் பெயிண்ட், கிரானைட் தரை, மேலே பொம்மைகள். பார்க்கிறவர்கள் நன்றாயிருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். பழைய கல்லெல்லாம் பின்பக்கம் அடுக்கிக் கிடந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் துணி துவைக்கவும் வேலிக்கு முட்டுக் கொடுக்கவும் போய்விட்டது.

கும்பாபிஷேகத்தன்று விளக்கு முறைக்காரன் என்று எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். மகள் பாவாடை தாவணியில் கூட்டத்தோடு நின்று கும்பிட்டாள். எல்லாரும் பிரகாரம் சுற்றும்போது அவளும் சுற்றினாள். பின்பக்கம் வரும்போது மட்டும் தலையைத் திருப்பவில்லை. என் தலையில் அந்தத் துணி நெருப்பாகச் சுட்டது.

வாத்தியாருக்கு அடுத்த வருஷம் மாற்றல் வந்தது. போகும்போது சி.டி.யைப் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டுப் போனார். மற்றப் பிள்ளைகள் விளையாடினார்கள். இவள் போகவில்லை. ஏன் கண்ணு என்றதற்கு, "படிக்கறதுக்கு நெறைய இருக்குதுங்கப்பா" என்றாள். களியை அடுக்குவதும் நின்றுவிட்டது. போட்டதைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுவாள்.

பன்னிரண்டாவது நன்றாகவே எழுதினாள். கட்டட வரைபடம் படிக்கச் சேலத்தில் இடம் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். "வேண்டாங்கப்பா, நர்ஸுக்குப் போறேன்" என்றாள். சேர்ப்பதற்காக இருவரும் காலைப் பஸ்ஸில் நாமக்கல்லுக்கு இறங்கினோம். வளைவுக்கு வளைவு அவள் தோள் என்மேல் சாய்ந்து விலகியது. இனி இவள் ஊட்டில் இருக்கப் போவதில்லை, இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"கண்ணு, அந்தக் கோயில் நம்பர மழ அழிக்கல" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள்.

"தெரியுங்கப்பா."

"ஆரு சொன்னா, உங்கம்மாளா?"

"ஆரும் சொல்லல. மொத நாள் கல்லத் தொட்டப்பவே தெரியும். மழத் தண்ணியில மஞ்சக் கறை புடிக்குங்களா? நாரு தேச்ச கீறலு வேற இருந்துச்சு."

அந்த நான்கு சனிக்கிழமையும் அவள் தெரிந்துகொண்டுதான் அளந்திருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் என்னிடம் கல்லைப் புரட்டச் சொல்லியிருக்கிறாள்.

"அப்பறம் ஏஞ்சாமி எங்கிட்டக் கேக்கல?" என்றேன்.

கோபமாகச் சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"கேட்டிருந்தா நீங்க சாமி மேல போட்டுருப்பீங்கப்பா. அம்மனுக்காகத்தான் கழுவுனேன்னு சொல்லியிருப்பீங்க. அப்பறம் எனக்குச் சாமியும் இல்லாமப் போயிருக்கும்."

நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதே வார்த்தைகளைச் சொல்லியிருப்பேன்.

அடிவாரம் வந்து பஸ் நின்றபோது அவளே இறங்கிப்போய் எனக்கு ஒரு டீ வாங்கி வந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். குடித்தேன். அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

விளக்கு முறை இன்னும் எங்கள் ஊட்டுக்குத்தான். எண்ணெய் ஊற்றித் திரியை ஏற்றிவிட்டுக் கைகூப்பி நிற்கிறேன். முன்பெல்லாம் பிள்ளைக்கு, காட்டுக்கு, மாட்டுக்கு என்று வரிசையாகக் கேட்பேன். இப்போது எதுவும் கேட்க வாய் வருவதில்லை. அம்மன் பேரைச் சொல்லி நான் செய்ததை எல்லாம் அந்த அம்மனே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுகிறேன்.